ரோச்சின் முன்பல்

பல் டாக்டர் ஜெர்லின் இருபத்தாறு வயதுவரை சமூக சேவை எதுவும் செய்ததில்லை என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். ஏன் செய்யவில்லை? பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ரோட்டோரத்தில் ஒரு வேப்பங்கன்று நட்டிருக்கிறாள். வரிசையாக நிற்கவைத்து போட்டோ எடுத்தார்கள். போட்டோக்காரர் கேமராவை உறையில் போடுவதற்குள் ஆடு வந்து கன்றைத் தின்றுவிட்டது. அதோடு ஊருக்கும் அவளுக்கும் கணக்குத் தீர்ந்தது.

அவள் பல் டாக்டர் ஆன கதையிலும் சேவை மனப்பான்மையைத் தேடினால் கிடைக்காது. அப்பா கிளைட்டன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். லீவில் வரும்போதெல்லாம் பை நிறைய சாக்லேட் கொண்டுவருவார். பிள்ளையைப் பார்க்காமல் இருந்த மாதங்களுக்கெல்லாம் சேர்த்து ஊட்டுவார். ஜெர்லினுக்குப் பால்பல் பூராவும் சொத்தை. அழுதுகொண்டே பல் டாக்டரிடம் போவாள், அழுதுகொண்டே வருவாள்.

ஒருநாள் நாற்காலியில் ஏறியது அம்மா மெட்டில்டா. மெட்டில்டா சாதாரணமாகப் பேசினாலே எதிர்வீட்டில் என்ன சண்டை என்று கேட்பார்கள். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிப் பஞ்சை வைத்த டாக்டர், "இதைக் கடிச்சிட்டு ஒரு மணி நேரம் வாயே திறக்கக் கூடாது" என்றார். மெட்டில்டா திறக்கவில்லை. ஆட்டோவில் வரும்போதும் திறக்கவில்லை. ஆட்டோக்காரர் கூடுதலாகக் கேட்டபோதுகூட முறைத்ததோடு சரி. அம்மாவை வாய் மூடவைக்கும் உத்தியோகம் உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கிறது என்று ஜெர்லின் அன்றைக்கே கண்டுகொண்டாள். நன்றாகப் படித்தாள், பல் டாக்டர் ஆனாள். அம்மாவின் வாய் மட்டும் அதற்குப் பிறகு மூடவே இல்லை.

தூத்துக்குடியில் பல் டாக்டருக்கு வேலை இல்லாமல் போகாது. மக்ரூன் இனிப்பும் எண்ணெய்ப் பரோட்டாவும் பார்த்துக்கொள்ளும். ஆனால் தெருவுக்கு ஒரு கிளினிக் வந்துவிட்டது. ஜெர்லின் இன்னொருவர் கிளினிக்கில் சம்பளத்துக்கு உட்கார்ந்து பல் சுத்தம் செய்தாள். கூடப்படித்த ரீனா அமெரிக்காவில் இருந்தாள். அவள் வாட்ஸ்அப்பில் பனியில் நின்று சிரித்தாள், ஏரியில் நின்று சிரித்தாள், வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு ஒரு பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நின்று சிரித்தாள். அந்தக் கடைசிப் படத்தை ஜெர்லின் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். அதற்கப்புறம் அவளுக்கு வேறு ஆசை இல்லை. அங்கே போக வேண்டும், அங்கே படிக்க வேண்டும், அந்தக் கோட்டைப் போட வேண்டும்.

இந்தியாவில் பல் டாக்டராக இருந்தாலும் அங்கே போய் மறுபடி கல்லூரியில் சேர்ந்து படிக்க வேண்டும். இடம் கொஞ்சம், கேட்பவர்கள் ஏராளம். மார்க் கேட்டார்கள், இருந்தது. இங்கிலீஷ் பரீட்சை கேட்டார்கள், எழுதி முடித்தாள். பிறகு ஒரு கேள்வி கேட்டார்கள்: உன் ஊர் ஜனங்களுக்குச் சம்பளம் வாங்காமல் என்ன செய்திருக்கிறாய்?

ஜெர்லினுக்கு அந்த ஆடு ஞாபகம் வந்தது.

மெட்டில்டா சிரித்த சிரிப்பில் அடுப்பில் குழம்பு பொங்கி வழிந்தது. "வீட்ல குடிச்ச டம்ளரக் கழுவி வைக்க மாட்டா. இவ ஊருக்குச் சேவை செய்யப் போறாளாம். ஏளா, அமெரிக்காக்காரன் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டான்னா நான் சொல்லுதேன் உன் சேவைய."

சென்னையில் ஜாபேஸ் என்று ஒருவர் இருந்தார். சொந்த ஊர் சாயர்புரம். வெளிநாட்டுப் பல் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு வீடியோவில் ஆலோசனை சொல்வதுதான் அவருக்குத் தொழில். இதுவரை ஒரு பல்லைக்கூடத் தொட்டதில்லை, ஆனால் பல் டாக்டர்கள் அவர் சொன்னால் கேட்டார்கள். வேப்பங்கன்றைச் சேர்க்கலாமா என்று ஜெர்லின் கேட்டதற்கு, "ஆட்டுக்குச் செஞ்ச சேவைன்னு வேணா போடலாம் மேடம்" என்றார்.

"முதியோர் இல்லத்துல பிரஷ் குடுக்கட்டுமா?"

"எல்லாரும் அதத்தான் குடுக்காங்க மேடம். அங்க இருக்க தாத்தாமாருக்கு பல்லே இல்ல, ஆளுக்கு ஒம்பது பிரஷ் இருக்கு. நீங்க ஒரே இடத்துல, ஒரே ஜனத்துக்கு, விடாம செய்யணும். முக்கியமா ஒரு ஆளு வேணும். உங்களால ஒரு ஆளோட வாழ்க்கையே மாறியிருக்கணும். அந்த ஆளு போட்டோவுல நல்லா விழணும்."

இப்படித்தான் ஜெர்லின் வாழ்க்கை மாறவேண்டிய ஓர் ஆளைத் தேடி, கடலோரத்து மீனவர் பகுதியான திரேஸ்புரத்துக்குப் போனாள். பங்குச் சாமியாரிடம் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் பின்பக்க மண்டபத்தில் இலவசப் பல் முகாம் போட்டாள். மடக்கு நாற்காலி, கை விளக்கு, சின்னதாக ஒரு மெஷின், பெட்டி நிறைய பேஸ்ட்.

முதல் ஞாயிறு பேஸ்ட்டுக்கு நல்ல கூட்டம். ஒரே பையன் சட்டையை மாற்றி மாற்றி வந்து வாங்கிப் போனான். வாயைத்தான் ஒருவரும் திறக்கவில்லை. ஆம்பளைகள் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழமையும் அதுவுமா கறி திங்காம பல்லக் குடுத்துட்டா போவாவ?" என்று நழுவினார்கள். பெண்கள் உட்கார்ந்தார்கள், ஆனால் பேசுவதற்கு உட்கார்ந்தார்கள். டாக்டருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, ஏன் ஆகவில்லை, மெட்டில்டா மகளா நீ, உங்க அம்மாவா அந்தச் சத்தம் போடுகிறவள்! ஜெர்லின் வீட்டுக்கு வந்து கட்டிலில் விழுந்தாள். அமெரிக்கா இவ்வளவு தூரம் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனாலும் அடுத்த ஞாயிறும் போனாள். அதற்கடுத்த ஞாயிறும் போனாள். ஆசை அப்படி.

ரோச் வந்தது மழை தூறிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஐம்பது வயதைத் தாண்டியவர், தோள் இரண்டும் கதவு அகலம். வலதுகையால் வாயைப் பொத்திக்கொண்டே உள்ளே வந்தார், பொத்திக்கொண்டே உட்கார்ந்தார்.

"டாக்டரம்மா, மவளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். நான் சிரிச்சா ஆல்பம் பூரா இருட்டா இருக்கும்னு என் வீட்டுக்காரி சொல்லுதா. நானும் கண்ணாடில சிரிச்சுப் பாத்தேன். அவ சொல்லுதது சரிதான்."

கையை எடுத்தார். மேல்வரிசையில் நட்டநடுப் பல் ஒன்று இல்லை. இருந்த இடம் கருகருவென்று கிடந்தது. இரண்டு பக்கத்துப் பற்களும் உட்புறமாகத் தேய்ந்து வளைந்திருந்தன.

"எப்படிப் போச்சு அண்ணாச்சி?"

"இளவயசுல போச்சு. அதெல்லாம் ஆச்சு காலம்."

"பக்கத்துல தேஞ்சிருக்கே. பீடியா, பாக்கா?"

"ரெண்டும்தான்" என்றார் ரோச், ஒளிக்காமல்.

என்ன தொழில் என்றும் கேட்டாள். சங்கு குளிக்கிறேன் என்றார். ஜெர்லின் தலையை ஆட்டிக்கொண்டாள். தூத்துக்குடியில் பிறந்தவளுக்குச் சங்கு குளிப்பதைப் பற்றி ஒருவர் சொல்லித்தர வேண்டுமா? கடலுக்குள் போவார்கள், முங்குவார்கள், சங்கு எடுப்பார்கள். எப்படி முங்குவார்கள் என்று அவள் கேட்கவில்லை. அப்பா கப்பலில் போனார், அவள் ஸ்கூட்டியில் போனாள், பீச்சில் நின்று கடலைப் பார்த்ததோடு சரி. ரோச்சும் சொல்லவில்லை. அவர் மனசெல்லாம் ஆல்பத்தில் இருந்தது.

பக்கத்துப் பற்களை அராவாமல், மெல்லிய நார்ப்பட்டை வைத்துப் புதுப் பல்லை இரண்டு பக்கமும் ஒட்டிவிடும் முறை ஒன்று உண்டு. ஜெர்லினுக்கு அது நன்றாக வரும். நாக்கைக் கடித்துக்கொண்டு, வியர்வை வடிய, அந்த மடக்கு நாற்காலிக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு ஒட்டினாள். நிறம் பார்த்துப் பார்த்துத் தேய்த்து, பக்கத்துப் பல்லின் காவியைக்கூடக் கொஞ்சம் சேர்த்தாள். கண்ணாடியைக் கொடுத்ததும் ரோச் அதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு மண்டபம் அதிரச் சிரித்தார். வாசலில் நின்ற அவர் மனைவி அமலோற்பவம் உள்ளே வந்து, "யாருல இது, மாப்பிள்ள வீட்டாளா?" என்றாள்.

ஜெர்லின் முன்னே ஒன்று, பின்னே ஒன்று போட்டோ எடுத்து அனுப்பினாள். ஜாபேஸ் உடனே கூப்பிட்டார்.

"மேடம், இதுதான் ஆளு. பல்லு இல்லாத போட்டோவுல பாவமா இருக்காரு, பல்லு வந்த போட்டோவுல ராஜா மாதிரி இருக்காரு. இந்த ஒரு பல்லு உங்கள அமெரிக்காவுல கொண்டு எறக்கும்."

விண்ணப்பம் போனது. ரோச்சின் சிரிப்பும் கூடவே போனது. ஜெர்லின் அன்று இரவு மெட்டில்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கினாள்.

அந்த வாரமே அமலோற்பவம் கிளினிக்குக்கு வந்தாள். வந்தாள் என்றால் கதவு சுவரில் மோதியது. நாற்காலியில் வாயைத் திறந்தபடி ஒருவர் படுத்திருந்தார், அவர் திறந்த வாயை மூடவில்லை.

"ஏளா டாக்டரு, என் வீட்டுக்காரரக் கடலுக்குப் போவ விடாம என்ன செஞ்சு வச்சிருக்க?"

அவளுக்குப் பின்னால் ரோச், மறுபடி வாயைப் பொத்திக்கொண்டு. கையில் நீளமாக ஒரு பிளாஸ்டிக் ஓஸ் குழாய்த் துண்டு. அவர்தான் மெதுவாகச் சொன்னார். வள்ளத்தில் காற்றடிக்கிற மெஷின் ஓடும். அதிலிருந்து நீளமாக ஓஸ் வரும். குளிக்கிறவன் அந்த ஓஸின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு கீழே போவான். தரையில் நடந்து சங்கைப் பொறுக்கும்வரை பல்தான் பிடி, அந்த ஓஸ்தான் மூச்சு. இத்தனை வருஷமாக ரோச்சின் ஓஸ் உட்கார்ந்த இடம், ஜெர்லின் அடைத்த இடம்.

"சைடுல கடிச்சுப் பாத்தேன், நழுவிட்டு. இன்னும் இறுக்கிக் கடிச்சேன், ஓஸ் நசுங்கிட்டு, காத்து வரல. உப்புத்தண்ணியக் குடிச்சுட்டு மேல வந்துட்டேன். வள்ளத்துல எல்லாப் பயலுவளும் சிரிக்கான். அப்பமும் ஒருத்தன் சொன்னான், ரோச் அண்ணே பல்லு ஷோக்கா இருக்குன்னு."

"போட வரும்போது உங்களுக்குத் தோணலையா அண்ணாச்சி?"

ரோச் யோசித்தார். "கரையில இருக்கும்போது எனக்கு ஓஸ் நெனப்பே வராதுளா. வாய்க்குள்ள நாக்கு இருக்குன்னு நெனச்சுக்கிட்டா இருக்கோம்?"

தண்ணீருக்கடியில் காற்று வராமல் போயிருந்தால் என்ற பயத்துக்கு முன்னால், போட்டோ போய்விட்டதே என்ற பயம்தான் ஜெர்லினுக்கு முதலில் வந்தது. அதை அவளே கவனித்தாள். கவனித்ததும் வெட்கமாகப் போனது, முகத்தைக் கழுவுவதுபோல் உள்ளே போய் நின்றாள். அங்கிருந்தே ஜாபேஸைக் கூப்பிட்டாள்.

"மேடம், நல்லாக் கேளுங்க" என்றார் ஜாபேஸ். "இன்டர்வியூ முடியற வரைக்கும் அந்தப் பல்லு அங்கனயே இருக்கட்டும். கழட்டித்தான் ஆகணும்னா கழட்டுங்க, ஆனா யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. நீங்க அனுப்புனது பல்லு வச்ச கதை. பல்லப் புடுங்குன கதைக்கு எவன் சீட்டு குடுப்பான்?"

வெளியே வந்தாள். ஆச்சரியம் என்னவென்றால், ரோச்சும் ஜாபேஸ் கட்சிதான். "இருக்கட்டும் டாக்டரம்மா. கல்யாணம் முடியற வரைக்கும் இருக்கட்டும். அதுவரைக்கும் நான் வல பின்னிக்கிட்டுக் கெடக்கேன்." ஜெர்லினுக்கு நெஞ்சுக்குள் ஒரு விளக்கு எரிந்தது. அவரே எடுக்க வேண்டாம் என்கிறாரே! இவள் என்ன செய்வாள்?

அமலோற்பவம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இவருக்கு ஆல்பத்துல சிரிக்கணும். உனக்கு அமெரிக்கா போவணும். கல்யாணத்துக்கு அரிசி மூட்டைய இந்தப் பல்லா தூக்கிட்டு வரும்?" என்றாள். அப்புறம் குரல் இறங்கியது. "ஆசைப்பட்டுட்டு, பல்ல வச்சுக்கிட்டே ஒருநாள் முங்கிருவாருளா. இவரப் பத்தி எனக்குத் தெரியும்."

ஜெர்லின் கையுறையை மாட்டினாள். தன் கையால் நிறம் பார்த்துத் தேய்த்த அந்த அழகான பல்லை, தன் கையாலேயே அரைத்து எடுத்தாள். ரோச் கண்ணை மூடிக்கொண்டார். எடுக்கிற அவளுக்குத்தான் கண் கலங்கியது, மெஷின் தண்ணீர் தெறித்துவிட்டது என்றாள்.

எடுத்த பிறகு, "அண்ணாச்சி, இப்ப அந்த ஓஸைக் கடிங்க" என்றாள். ரோச் கடித்தார். ஓஸ் போய்ப் பொருந்தி உட்கார்ந்தது. தேய்ந்த பற்கள் இரண்டும் இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்தன. தேய்த்தது பீடியுமில்லை, பாக்குமில்லை, இந்த ஓஸ்தான். ஜெர்லின் விளக்கைக் கிட்டே வைத்து அதை வெகுநேரம் பார்த்தாள். அவள் படித்த படிப்பில் இந்த ஓட்டைக்கு அடைப்பதைத் தவிர வேறு வழி எழுதியிருக்கவில்லை. ஆனால் கழற்றி மாட்டுவது என்று ஒன்று உண்டே!

அச்சு எடுத்தாள். அண்ணத்தில் ஒட்டி உட்காரும் மெல்லிய தகடு, அதில் ஒரே ஒரு பல், கடைவாயில் பிடிக்க இரண்டு கம்பி. கரைக்கு வந்தால் மாட்டலாம், கடலுக்குப் போனால் கழற்றலாம். வயதானவர்களுக்குச் செய்கிற சாதாரண சமாசாரம்தான், என்ன, வேலைக்குப் போகும்போது கழற்றிவைப்பதற்காக யாரும் கேட்டதில்லை. கழற்றினால் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்து வளைந்துவிடும், தண்ணீரையும் தினமும் மாற்ற வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அமலோற்பவம் அதற்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளரை ஒதுக்கினாள். திரேஸ்புரத்தில் அதற்குக் கரைப்பல் என்று பேர் விழுந்தது.

கரைப்பல் வந்த பிறகு ரோச்சைப் பிடிக்க முடியவில்லை. வள்ளம் கரையைத் தொடுவதற்கு முன்னாலேயே மாட்டிக்கொண்டுதான் இறங்குவார். கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் சிரித்தார். மகளை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும்போது பெண்கள் எல்லாம் அழுதுகொண்டிருக்கிற படத்திலும் நடுவில் நின்று சிரித்தார். அமலோற்பவம் அந்தப் பக்கத்தை மட்டும் யாருக்கும் காட்டுவதில்லை.

கல்யாணத்துக்கு அடுத்த ஞாயிறு மண்டபத்தில் ஆம்பளைகள் வரிசையில் நின்றார்கள். ரோச்சைப் போலவே முன்னால் ஓட்டை விழுந்த சங்குகுளிக்காரர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள், இத்தனை நாள் வாயைப் பொத்தியே பழகிவிட்டார்கள். பல் எல்லாம் சரியாக இருந்த ஒருவர்கூட, "எனக்கும் ஒண்ணு போடுங்க டாக்டரம்மா, எல்லாரும் வச்சிருக்கான்" என்று சண்டை பிடித்தார். ஜெர்லின் அச்சு எடுத்தாள், கம்பி வளைத்தாள், கிளினிக் நேரம் முடிந்தும் உட்கார்ந்து தேய்த்தாள். விண்ணப்பம்தான் போய்விட்டதே, இனி எதற்கு இத்தனை பாடு என்று மெட்டில்டா கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஜெர்லினுக்குக் கை பரபரத்தது, அவ்வளவுதான்.

இன்டர்வியூ வந்தது. சாயங்காலம், வீடியோவில். மெட்டில்டா மிக்சியை நிறுத்தி, குக்கரை இறக்கி, நாய்க்கு முன்கூட்டியே சோறு போட்டுக் கட்டி, கதவுக்குப் பின்னால் சேலை நுனியை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். வாழ்க்கையில் இரண்டாவது முறையாக அவள் பேசாமல் இருந்தாள்.

திரையில் இரண்டு பேராசிரியர்கள். ஒருவர் வழுக்கை, இன்னொருவர் மூக்குக் கண்ணாடி போட்ட பெண். படிப்பைப் பற்றிக் கேட்டார்கள், நன்றாகச் சொன்னாள். பிறகு அந்தப் பெண், ரோச்சின் இரண்டு படங்களையும் பார்த்ததாகச் சொல்லி, இப்போது அந்தப் பல் எப்படி இருக்கிறது என்று சாதாரணமாகக் கேட்டார்.

நன்றாக இருக்கிறது என்று சொன்னால் போதும். இரண்டு வார்த்தை. வெள்ளைக் கோட்டு அந்த இரண்டு வார்த்தைக்கு அந்தப் பக்கம் தொங்கியது. ஆனால் பல் என்றதும் ஜெர்லினுக்கு அந்தப் படம் நினைவுக்கு வரவில்லை, ஓஸைக் கடித்துக்கொண்டு கண்ணால் சிரித்த ரோச்தான் வந்தார்.

"அந்தப் பல் இப்போது இல்லை, நானே எடுத்துவிட்டேன்" என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பீடியா பாக்கா என்று கேட்டதை, எப்படி முங்குவீர்கள் என்று கேட்காததை, அவர் உப்புத்தண்ணீர் குடித்து மேலே வந்ததை, போட்டோவுக்காகத் தான் முதலில் பயந்ததைக்கூடச் சொன்னாள். கரைப்பல்லைச் சொன்னபோது வழுக்கைப் பேராசிரியர் தன் முன்பல்லைத் தானே விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அழுகிற கல்யாணப் படத்தில் ரோச் சிரித்ததைச் சொன்னபோது இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். கதவுக்குப் பின்னாலும் ஒரு சத்தம் வந்தது.

சிரித்து முடித்துவிட்டு அந்தப் பெண் கேட்டார்: "நீங்கள் இங்கே வந்துவிட்டால், அவர்கள் பல்லை யார் பார்ப்பார்கள்?"

இதற்கு ஜாபேஸ் எதையும் சொல்லித்தரவில்லை. "தெரியவில்லை. இதுவரை நான் அதை யோசிக்கவே இல்லை" என்றாள் ஜெர்லின். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று அவளுக்கே உறைத்தது. நன்றி சொல்லித் திரையை மூடினாள். மெட்டில்டா உள்ளே வந்து தலையைத் தடவினாள். சீட்டு போச்சு என்று இரண்டு பேருக்கும் நிச்சயம். ஜாபேஸிடம் சொன்னபோது அவர் பெருமூச்சு விட்டு, அடுத்த வருஷத்துக்கான கட்டணத்தில் சலுகை உண்டு என்றார்.

சீட்டு கிடைத்தது. பல் எடுத்ததற்குக் கிடைத்ததா, தெரியவில்லை என்று சொன்னதற்குக் கிடைத்ததா, ஆள் குறைந்துபோய்க் கிடைத்ததா என்று யாரும் விளக்கம் எழுதி அனுப்பவில்லை. மெட்டில்டா தெருவுக்கே மக்ரூன் கொடுத்தாள். ஜெர்லின் அன்று முழுக்கக் குதித்தாள். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குப் போனபோது மட்டும் கால் கனத்தது. கம்பி தளர்ந்தால் எப்படி இறுக்க வேண்டும், தகடு உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கிளினிக்கில் கூட வேலை பார்த்த டாக்டர் ஒருவரிடம் எல்லாம் சொல்லிவைத்தாள். அவரும் சரி சரி என்றார். ஞாயிற்றுக்கிழமை வருவேன் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

வாகைகுளம் விமான நிலையத்துக்கு வீட்டார் எல்லாரும் போனார்கள். ரோச்சும் அமலோற்பவமும் ஆட்டோ பிடித்து வந்திருந்தார்கள். போட்டோ எடுத்தார்கள், ரோச் கரைப்பல்லோடு நடுவில் நின்றார். எடுத்து முடித்ததும் ஓரமாகத் திரும்பிப் பல்லைக் கழற்றி, பாட்டில் தண்ணீரில் அலசி, ஒரு சின்ன டப்பாவில் போட்டு, தண்ணீர் ஊற்றி மூடி, ஜெர்லின் கையில் வைத்தார்.

"அண்ணாச்சி, எதுக்கு என்கிட்ட தாரீங்க?"

"நீதாம்லா செஞ்ச, நீயே வச்சுக்க. இப்ப ஓஸ் கடிக்க எனக்கு ஓட்டைதான் வேணும். சிரிக்கதுக்கு வீட்ல விசேஷம் ஒண்ணும் இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மவ முழுகாம இருக்கா. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிறிஸ்துமஸ் லீவுலதான்னு சொல்லி வச்சுட்டேன். அன்னைக்கு போட்டோ எடுப்பான். நீ வந்து மாட்டிவிடு."

"நான் வரலேன்னா?"

"பேரப்பிள்ள ஆல்பம் பூரா இருட்டா இருக்கும்" என்றார் ரோச். ஓட்டை தெரியச் சிரித்தார், கையால் பொத்தவில்லை.

சோதனையில் அந்த டப்பாவை எடுத்து ஆட்டிப் பார்த்த அதிகாரி, இது என்ன என்றார். பல் என்றாள். உங்களுடையதா என்றார். இல்லை என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், அழுதுகொண்டிருந்தாள். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அமெரிக்காவில் பனி விழுந்தது, ஏரி இருந்தது, வெள்ளைக் கோட்டும் கொடுத்தார்கள். ஜெர்லின் அதைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று போட்டோ எடுத்து ரீனாவுக்கு அனுப்பினாள். அறைத்தோழி மேஜைமேல் இருந்த டம்ளருக்குள் பல்லைக் கண்டு முதல்நாள் அலறினாள், இப்போது ஜெர்லின் மறந்தால் அவளே ஞாபகப்படுத்துகிறாள்.

மெட்டில்டா தினமும் வீடியோவில் வருவாள். ஒருநாள் பேசிக்கொண்டே ஜெர்லின் அந்த டம்ளரைக் குழாயடிக்குக் கொண்டுபோய்ப் பழைய தண்ணீரைக் கொட்டி, சோப்புப் போட்டுத் தேய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடி ஒருமுறை அலசினாள்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நெட் போய்விட்டதோ என்று ஜெர்லின் போனைப் பார்த்தாள். அம்மா அங்கேதான் இருந்தாள்.

"ஏளா, டம்ளரா கழுவுத?"

"ஆமாம்மா. தெனமும் கழுவணும்."

மெட்டில்டா சேலை நுனியால் மூக்கைத் துடைத்தாள். "அமலோற்பவம் கேட்டுக்கிட்டே இருக்கா, டிக்கெட் போட்டாச்சான்னு. பேரன் பெறந்திருக்கான்லா."

"போட்டாச்சும்மா" என்றாள் ஜெர்லின். புதுத் தண்ணீர் பிடித்து, ரோச்சின் பல்லை அதில் மெதுவாகப் போட்டாள்.